பிரேக் பிடிக்காத அழகு யாருக்கு?

நீளமான பதிவு. பழைய திறந்த கார் வைத்திருப்பவர்கள், வாங்க ஆசைப்படுபவர்கள், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பவர்கள், மூணு பேருமே பொறுமையா கடைசி வரை படிங்க.

1.
கூரை திறக்கும் பழைய கார் ஒண்ணுக்கு பளபளன்னு பெயிண்ட், பம்பருக்கு குரோமியம், சீட்டுக்கு புது லெதர். ஃபோட்டோ எடுத்து "ரெஸ்டோர் பண்ணியாச்சு"ன்னு போடுறாங்க. கீழே வரிசையா ஹார்ட்டின். நான் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: பிரேக் ஹோஸ் எப்போ மாத்தினீங்க? அதுக்கு மட்டும் பதில் வராது.

2.
நான் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர். என்கிட்டயும் 1960களின் ஹெரால்ட் ஒண்ணு இருக்கு. அதனால "இவருக்கு பழைய காரைப் பத்தி என்ன தெரியும்"னு ஆரம்பிக்க வேண்டாம். பழைய காரை நேசிக்கிறவன்தான் சொல்றேன். நம்ம ஊர்ல நடக்கிற ரெஸ்டோரேஷனில் பாதிக்கு மேல ஃபேஷியல். வைத்தியம் இல்லை.

3.
விபத்தில் அடிபட்டு ஒருத்தர் வந்தா முதல்ல முகத்துக் காயத்துக்குத் தையல் போடுவோமா? மூச்சு வருதா, ரத்தம் எங்கே போகுது, நாடித்துடிப்பு எப்படி, இதைத்தான் பார்ப்போம். முகம் பிறகு. காருக்கும் இதே வரிசைதான். நிறுத்துறது, திருப்புறது, தரையைப் பிடிக்கிறது, தீப்பிடிக்காம இருக்கிறது. இந்த நாலும் முடிஞ்ச பிறகுதான் இன்ஜின். பெயிண்ட் கடைசி.

4.
நம்ம ஆட்கள் தலைகீழா செய்றாங்க. முதல்ல டிங்கர், பட்டி, பெயிண்ட். அதுலயே கையில இருக்கிற காசு தீர்ந்துடும். மிச்சத்துக்கு "ஓடுற வரைக்கும் ஓடட்டும்". ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் அவுட். சிரிக்கலாம். ஆனா அந்த பேஷண்ட் இடத்துல கார் இல்லை, அதில் உட்கார்ந்திருக்கிற நீங்களும் உங்க பிள்ளையும்தான் இருக்கீங்க.

5.
முதல்ல பிரேக். அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலும் ஒரே ஹைட்ராலிக் சுற்று. இன்றைய காரில் ஒரு சுற்று போனாலும் இன்னொன்று பாதி சக்கரங்களையாவது பிடிக்கும். பழசுல ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கரமும் போச்சு. மிச்சம் இருக்கிறது ஹேண்ட்பிரேக் கேபிள். அது எத்தனை பேருக்கு சரிவில் வண்டியை நிறுத்துது?

6.
ரப்பர் ஹோஸ் வெளியே நல்லாவே தெரியும். உள்ளே வீங்கி ஓட்டை அடைஞ்சிருக்கும். நம்ம ரத்தக்குழாய் மாதிரிதான். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டா திரும்பாது. பிரேக் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஓடும், டிரம் சூடாகும், ஆயில் கொதிக்கும். கொதிச்ச ஆயிலில் நீராவிக் குமிழி. குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் தரையைத் தொடும்.

7.
பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155க்கு இறங்கிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் ஷெட்டில் நிற்கிற காரிலும் இது நடக்கும். ஓட்டலைன்னாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், எல்லா ஹோஸும் புதுசு. ஸ்டீல் பைப் துருப்பிடிச்சிருந்தா அதுவும். இதுல பேரமே கிடையாது.

8.
"நான் மெதுவாத்தானே ஓட்டுறேன் டாக்டர்?" எல்லாரும் சொல்ற பதில். கணக்கு போடலாம். 40 கிமீ வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருது. பார்த்து, புரிஞ்சு, கால் பெடலுக்குப் போக ஒன்றரை நொடின்னு வைங்க. பிரேக் வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்னாடியே 16 மீட்டர் போயிருப்பீங்க. அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா? மெதுவா ஓட்டுறது பிரேக்குக்கு மாற்று இல்லீங்க. அந்தக் குழந்தை உங்க வண்டி விண்டேஜ்னு பார்த்து ஒதுங்காது.

9.
ரெண்டாவது, ஸ்டீயரிங்கும் முன்பக்க சஸ்பென்ஷனும். ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவை மட்டுமாவது சேமிச்சு வைங்க. முன்சக்கரத்தைத் தாங்குற இரும்புத் தண்டு, கீழே ட்ரன்னியன்னு ஒரு பித்தளைக் கட்டைக்குள் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் சுத்தும். அதுக்கு ஊத்த வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் இல்லை.

10.
நம்ம ஒர்க்‌ஷாப்பில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்தான் கைக்கு வரும். கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போகாது. தண்ணி போகும். துரு, தேய்மானம், ஒருநாள் தண்டு முறியும். சக்கரம் படுத்துடும், வண்டி மூக்கால தரையைத் தொடும். பார்க்கிங்கில் திருப்பும்போது முறிஞ்சா அதிர்ஷ்டம். ஓடும்போது முறிஞ்சா எங்க வார்டுக்கு வருவீங்க. இதைத் தடுக்க ஆகிற செலவு? ஒரு பாட்டில் கியர் ஆயில். பெயிண்டுக்கு லட்சம் கொடுத்தவங்க இதைக் கேள்விப்பட்டதே இல்லைன்னு சொல்றப்போதான் எனக்குக் கோபம் வருது.

11.
ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங். வேகமா வளைவுக்குள்ள போய், பயந்து திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா பின்சக்கரம் உள்பக்கமா மடங்கும், வால் சுத்தும். கூரை இல்லாத காரில் இதுக்கு மேல நான் விளக்க விரும்பலை. வளைவுக்கு முன்னாடியே வேகம் குறைங்க, உள்ளே லேசா மிதிச்சுக்கிட்டே வெளியே வாங்க. வண்டி எந்த வடிவத்தில் பிறந்ததுன்னு தெரிஞ்சு ஓட்டுறதும் ரெஸ்டோரேஷனில் சேர்த்திதான்.

12.
மூணாவது, டயர். "பட்டன் அப்படியே இருக்கு, மாத்தணுமா?" மாத்தணும். டயர் தேய்ஞ்சு மட்டும் சாகாது, வயசாகியும் சாகும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. பத்து வருஷம் தாண்டினா எவ்வளவு பட்டன் இருந்தாலும் கழட்டி வீசுங்க. நாலு இலக்கத்துக்குப் பதிலா மூணு இலக்கம் இருந்தா? அது 2000க்கு முந்தின டயர். அதுல குடும்பத்தை உட்கார வைக்காதீங்க.

13.
முன்னாடி ரேடியல், பின்னாடி பழைய கிராஸ்-ப்ளைன்னு கலந்து போடுறது தற்கொலை முயற்சி. முன்பக்கம் இறுக்கிப் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். மழை பெய்ஞ்ச ரோட்டில் சொல்லவே வேண்டாம். நாலும் ஒரே வகையா போடுங்க. ஸ்டெப்னியையும் சேர்த்து அஞ்சு.

14.
நாலாவது, பெட்ரோல். இன்னைக்கு பங்கில் வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஐம்பது அறுபது வருஷம் முன்னாடி செஞ்ச ரப்பர் ஹோஸும், பம்ப் டயாஃப்ரமும், கார்புரேட்டர் வாஷரும் எத்தனாலுக்குன்னு செஞ்சதில்லை. ஊறும், பிசுபிசுக்கும், வெடிக்கும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலே பெட்ரோல் சொட்டும். மிச்சத்தை நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க. தீக்காய வார்டை ஒரு தடவை பார்த்தவங்களுக்கு கற்பனையும் வேண்டாம்.

15.
எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தர ஹோஸ் போடுங்க. அந்த எழுத்து ஹோஸ் மேலயே அச்சடிச்சிருக்கும், இல்லாததை வாங்காதீங்க. எத்தனால் டேங்க்கில் படிஞ்ச பழைய அழுக்கையும் கிளப்பிவிடும். அதனால டேங்க்கை இறக்கிக் கழுவுங்க, ஃபில்டர் மாத்துங்க. எத்தனால் கலந்தா கலவை மெலிஞ்சு இன்ஜின் சூடாகும். கார்புரேட்டர் தெரிஞ்சவரை வெச்சு ஜெட்டைச் சரி பண்ணுங்க. ஒரு தீயணைப்பான் கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும். டிக்கியில் வைக்கிற தீயணைப்பான் அலங்காரம்.

16.
ஈயம் இல்லாத பெட்ரோல் நாடு முழுக்க 2000 பிப்ரவரியிலேயே வந்தாச்சு. அந்தக் கால இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வ் உட்காருற இடத்தை ஈயம்தான் காப்பாத்துச்சு. ஹெட்டைக் கழட்டுற சந்தர்ப்பம் வந்தா கடினமான வால்வ் சீட் போட்டுருங்க. அதுக்காகவே இப்பவே ஹெட்டைக் கழட்ட வேண்டாம். தேவையில்லாத ஆபரேஷனையும் நான் எதிர்க்கிறவன்தான்.

17.
அஞ்சாவது, ஒயரிங். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டியில் ஃபியூஸை விரல் விட்டு எண்ணிடலாம். துணி சுத்தின ஒயர் உதிர்ந்து செம்பு தெரியும். அதுமேலயே பாட்டுப் பெட்டி, ஹார்ன், ஃபேன், ஊர்வல லைட்டுன்னு எல்லாத்தையும் முறுக்கிக் கட்டியிருப்பாங்க. புது ஹார்னஸ், தேவையான ஃபியூஸ், பேட்டரியைத் துண்டிக்க ஒரு சுவிட்ச். அந்த சுவிட்ச் விலைக்கு ரெண்டு பேர் ஹோட்டல்ல சாப்பிட முடியாது.

18.
இப்போ ஒரிஜினாலிட்டி பேசுறவங்க வருவாங்க. "பெல்ட் போட்டா அசல் தன்மை போயிடும்." ஐயா, வண்டியின் அசல் தன்மையைக் காப்பாத்தணும், உங்க மண்டையோட்டின் அசல் தன்மையையும் காப்பாத்தணும். கூரை உள்ள காரில் பெல்ட் போடாதவர் கண்ணாடியில் மோதுவார். கூரை இல்லாத காரில் ரோட்டில் போய் விழுவார். வெளியே தூக்கி எறியப்படுறவர் பிழைக்கிற வாய்ப்பு உள்ளேயே இருப்பவரை விட ரொம்பக் குறைவு. பெல்ட்டை சேஸியோட பலமான இடத்தில் பிளேட் கொடுத்துப் பொருத்துங்க. மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டு மாட்டினது பெல்ட் இல்லை, ரிப்பன்.

19.
அடுத்தது "கூரையை வெட்டிட்டா கன்வர்டிபிள்" கோஷ்டி. இதைக் கடுமையாவே சொல்றேன். அம்பாசடர், ஃபியட், மாரிஸ் மைனர் எல்லாம் தனி சேஸி இல்லாத வண்டிகள். பாடிதான் எலும்புக்கூடு. கூரையை அறுத்தா முதுகெலும்பில் கை வெச்ச மாதிரி. கதவு சாத்தாது, நடுவில் தொய்யும், மோதினா மடியும். மைனரை கம்பெனியே கன்வர்டிபிளா செஞ்சப்போ கூடுதல் இரும்பு கொடுத்து பலப்படுத்தித்தான் விட்டாங்க. உங்க தெருமுனை வெல்டிங் பட்டறையில் அந்தக் கணக்கைப் போட்டது யார்?

20.
ஹெரால்டுக்குத் தனி சேஸி, கூரையும் போல்ட் போட்டு மாட்டினதுதான். அது வேற கதை. ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை வெச்சு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாச் சொல்லியாச்சு. அப்புறம் 2021ல் வந்த விண்டேஜ் பதிவு விதி: 50 வருஷம் தாண்டியிருக்கணும், அசல் வடிவம் மாறாம இருக்கணும். கூரையை அறுத்த அன்னைக்கே அந்த வாசல் சாத்திடும்.

21.
விண்டேஜ் பதிவு பத்தி இன்னொண்ணு. 20,000 ரூபாய் கட்டி, 'விஏ' எழுத்தோட நம்பர் வாங்கி, இனி தினமும் ஓட்டலாம்னு நினைக்காதீங்க. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுறது மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். வாடகைக்கு விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆசையா ஓட்டணும்னா சாதாரணப் பதிவை உயிரோட வெச்சு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிங்க. எது வேணும்னு வாங்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

22.
வாடகைன்னதும் ஜானவாசம் ஞாபகம் வருது. மாப்பிள்ளையைத் திறந்த காரில் ஊர்வலமா கூட்டிட்டு வர்றது அழகான வழக்கம். நான் எதிரி இல்லை. ஆனா என்ன நடக்குது? பின் சீட்டின் முதுகில் மாப்பிள்ளை, மடியில் ரெண்டு வாண்டு, பானெட் மேல ஒரு வாண்டு, பக்கவாட்டில் தொங்குற மச்சான். முதல் கியரில் ஒரு மணி நேரம் ஊர்ந்து ரேடியேட்டர் கொதிக்குது. சூட்டில் கிளட்ச் நாறுது. இந்த வண்டிக்குத்தான் கடைசியா பிரேக் பார்த்து எத்தனை வருஷம்னு டிரைவருக்கே தெரியாது. பிள்ளைகளை இறக்கி நடக்க விடுங்க. ஊர்வலம்னாலே நடக்கிறதுதானே?

23.
அடுத்த தப்பான பழக்கம்: "வாரம் ஒருநாள் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுவேன், அவ்ளோதான்." இது பராமரிப்பு இல்லை. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால உள்ளே உருவாகிற ஈரம் ஆயில்லயும் சைலன்சர்லயும் தங்கி அரிக்கும். படுத்த படுக்கையா கிடக்கிற நோயாளிக்கு விரலை மட்டும் ஆட்டி விடுற மாதிரி. தசை கரையத்தான் செய்யும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இருபது முப்பது கிலோமீட்டர் நிஜமா ஓட்டுங்க. நிற்கிறதுதான் அதோட வேலைன்னா, கோவை ஜி.டி. கார் மியூசியத்தில் அழகா நிற்கிற வண்டிகள் இருக்கு. டிக்கெட் வாங்கிப் பாருங்க.

24.
டாக்டரா மூணு விஷயம். ஒண்ணு, கார்பன் மோனாக்சைடு. ஹூட்டை மூடி ஓட்டும்போது தலைவலி, குமட்டல் வந்தா "பெட்ரோல் வாசனை ஒத்துக்கலை"ன்னு விட்டுடாதீங்க. காருக்குப் பின்னால் சுழலும் காற்று, புகையை உள்ளே இழுக்கும். இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டும். சைலன்சர் ஓட்டை, தரையில் துரு ஓட்டை, ரெண்டையும் அடைங்க.

25.
ரெண்டு, காது. கூரை திறந்து ஹைவேயில் போனா காற்றுச் சத்தம் 85 டெசிபலைத் தாண்ட முடியும். 85க்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் காது தாங்குற நேரம் பாதியாகும். தூரப் பயணத்தில் கண்ணாடியை ஏத்துங்க, அல்லது ஹூட்டைப் போடுங்க. மூணு, வெயில். நம்ம ஊர் பகல் பதினொரு மணிக்கு திறந்த கார் ஓட்டுறது ஸ்டைல் இல்லை, நீரிழப்பு. காலைல எட்டு மணிக்குள்ள முடிங்க. தொப்பி, தண்ணி.

26.
"ரொம்ப பயமுறுத்துறீங்க, சந்தோஷமே போச்சு"ங்கிறவங்களுக்கு. நேர்மாறுங்க. சந்தோஷமே அங்கேதான் ஆரம்பிக்குது. புது புஷ், நல்ல ஷாக் அப்சார்பர், சரியான அலைன்மென்ட், துல்லியமான டைமிங், பஞ்சு மாத்தின சீட், இவ்வளவும் சேர்ந்தா 50 கிமீ வேகமே பறக்கிற மாதிரி இருக்கும். ஹெரால்ட் 25 அடி வட்டத்துக்குள் திரும்பும். பானெட் முழுசா முன்னால கவிழும், சக்கரத்து மேல உட்கார்ந்து இன்ஜினைத் தொடலாம். பிரேக்கை நம்பினாத்தான் தோள் தளரும். தோள் தளர்ந்தாத்தான் கடல் காத்து முகத்துல படுறது தெரியும். பயந்துக்கிட்டே ஓட்டினவனுக்கு ஈசிஆரும் ஒண்ணுதான், லாரி ஷெட்டும் ஒண்ணுதான்.

27.
ஹூட் பத்தி ஒரு வார்த்தை. ஈரமா இருக்கும்போது மடிக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும். பின் கண்ணாடி பிளாஸ்டிக்கா இருந்தா மடிப்பில் ஒரு மெல்லிய துணி வைங்க. தண்ணி வடியுற ஓட்டைகளை வருஷம் ரெண்டு தடவை குத்தி விடுங்க. அது அடைஞ்சா தரைத் தகடு துருப்பிடிக்கும். நல்ல குஷன் கடைக்காரர் ஒருத்தரை பிடிச்சு வெச்சுக்கோங்க. பெயிண்டரை விட அவர் முக்கியம்.

28.
"இவ்வளவுக்கும் காசு?" நியாயமான கேள்வி. பதிலும் நியாயமா சொல்றேன். ஷோரூம் தரத்துக்கு பெயிண்ட் அடிக்கிற செலவை ஒரு வருஷம் தள்ளிப் போட்டாலே பிரேக், டயர், ஹோஸ், ஒயரிங் நாலையும் முடிச்சுடலாம். மங்கின பெயிண்டோட ஓடுற வண்டியைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சா சிரிக்கட்டும். அதுக்கும் காசு இல்லைன்னா வண்டியை ஷெட்டில் வைங்க. ரோட்டில் இறக்காதீங்க. ரோடு உங்க தாத்தா சொத்து இல்லை. கார் வேணா தாத்தா சொத்தா இருக்கலாம்.

29.
மெக்கானிக்குகளுக்கும் ஒண்ணு சொல்லணும். புதுப்பேட்டையில் கார்புரேட்டரைக் காதால கேட்டே சரி பண்ற கைகள் இன்னும் இருக்கு. அவங்களுக்கு நாம கொடுக்கிற மரியாதை என்ன? பெயிண்டருக்கு பேரம் பேசாம கொடுக்கிறோம், பிரேக் வேலைக்கு ஐநூறு குறைக்கச் சொல்றோம். நாம எதுக்குக் காசு கொடுக்கிறோமோ அந்த வேலைதான் ஊர்ல வளரும். பிரேக் தெரிஞ்சவர் கடையை மூடிட்டு டீட்டெய்லிங் கடை வெச்சா தப்பு யார் மேல?

30.
வாங்கும் முன், ஏறும் முன், வாடகைக்குப் பேசும் முன் இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க:
பிரேக் ஹோஸும் ஆயிலும் எப்போ மாத்தினது?
டயரில் உள்ள நாலு இலக்கம் என்ன?
பெட்ரோல் ஹோஸ் எத்தனாலுக்கு ஏத்ததா?
பெல்ட் இருக்கா, எதில் மாட்டியிருக்கு?
தீயணைப்பான் எங்கே?
அஞ்சுக்கும் பதில் வந்தா தாராளமா ஏறுங்க. "சார், பெயிண்ட் பாருங்க சார்"னு பதில் வந்தா, பெயிண்டைப் பார்த்துட்டு ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போங்க.

பழைய கார் வெச்சிருக்கிற நண்பர் ஒருத்தராவது உங்களுக்கு இருப்பார். அவருக்கு இதை அனுப்புங்க. கோவிச்சுக்கிட்டா பரவாயில்லை, என் பேரைச் சொல்லிடுங்க.